வாய் அழுகும் நாள்

ஏப்ரல் பிறந்தால் தாய்லாந்தின் சியாங் மாயில் குடியிருக்கும் பரங்கிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். சொங்கிரான் தண்ணீர்த் திருவிழாவுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடுகிறவர்கள் ஒரு கட்சி. ஓடமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து வைகிறவர்கள் இன்னொரு கட்சி. தெற்கு வாசல் பக்கத்துச் சந்தில் மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு. அதில் டேரில் ஒருவன்தான் இருந்தான்.

டேரில் ஆஸ்திரேலியாக்காரன். அறுபத்தைந்து வயதாகியும் ‘அவன்’ என்றே சொல்ல வருகிற ஆள். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே பூப்போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, தன் உயரத்தில் பாதி இருக்கும் தண்ணீர்த் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தில் திரிவான். “எங்க ஊர்ல போலீஸ்காரன் மேல தண்ணி அடிச்சா தூக்கி உள்ள வெச்சிடுவான். இங்க கும்பிட்டுட்டுப் போறான். ஒரு மனுஷனுக்கு இதைவிட என்னய்யா வேணும்?” என்பான்.

ஹார்மன் டைக்ஸ்ட்ரா கதவைச் சாத்துகிற கட்சி. ஹாலந்தில் கால்வாய்களின் நீர்மட்டம் பார்க்கும் அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒரு விரற்கடை தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் யாரையாவது கேள்வி கேட்டே பழகியவர். அவர் கண்ணெதிரே ஒரு ஊரே கூடி, அதுவும் மழையில்லாத மாதத்தில், வாளி வாளியாகத் தண்ணீரைத் தெருவில் கொட்டினால் வயிறு எரியத்தானே செய்யும்? பன்னிரண்டு வருஷமாக எரிந்துகொண்டிருந்தது. தண்ணீருக்கு மட்டுமல்ல. காடு எரிக்கும் புகைக்கு, நடைபாதையில் படுத்திருக்கும் நாய்க்கு, காப்பியில் கேட்காமலே விழும் சர்க்கரைக்கு, விசா அலுவலகத்தில் மாறிக்கொண்டே இருக்கும் வரிசைக்கு. காலையில் சந்துமுனையில் இருக்கும் கேவ்தாவின் காப்பிக் கடையில் உட்கார்ந்து இதையெல்லாம் ஒரு சுற்று சொல்லி முடித்தால்தான் அவருக்கு வயிறு சுத்தமாகும். கூட உட்கார்ந்து தாளம் போடுவதற்கு ரோஸ்விதா இருந்தாள், ஜெர்மனியில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள். இரண்டு பேரும் இந்த ஊரை விட்டுப் போவதாக ஒருநாளும் பேசியதில்லை.

அந்த வருஷம் திருவிழாவுக்கு முந்தின வாரம் ஒரு மாலை, சந்துத் தலைவி புவாகாம் ஹார்மன் வீட்டு வாசலுக்கு வந்தாள். கையில் வாழையிலையில் மடித்து அவித்த தேங்காய்க் கொழுக்கட்டை. அறுபதைத் தாண்டியவள், உருண்டையான முகம், எந்தச் சேதியைச் சொன்னாலும் ஒரே சிரிப்பு.

“ஐயா, இந்த வருஷமும் கதவைச் சாத்திக்கப் போறீங்களா?”

“சாத்தாம? திறந்து வெச்சா உள்ள வந்து ஊத்திட்டுப் போறாங்க.”

“சாத்தாதீங்க. பதினஞ்சாம் தேதி கோயில் மண்டபத்துல ஒரு நாற்காலி காலியா இருக்கு. மழைக்காலத்துல பெரியவர் சாய் போய்ச் சேர்ந்துட்டாருல்ல. எட்டுப் பேர் உட்கார்ந்தா நல்லா இருக்காது, ஒம்பதுதான் ராசியான எண். ஒம்பது வேணும். யோசிச்சுப் பார்த்தோம். சந்துல நடமாடற வயசானவங்கள்ல மிச்சம் இருக்கறதுல மூத்தவர் நீங்கதான்.”

பதினைந்தாம் தேதி என்றால் புத்தாண்டு. சந்தின் பெரியவர்கள் மண்டபத்தில் வரிசையாக உட்காருவார்கள். சீயக்காயும் மஞ்சளும் வாசனைப் பூவும் ஊறிய தண்ணீரைச் சின்னவர்கள் மண்டியிட்டு அவர்கள் கையில் ஊற்றுவார்கள். ஈரக் கையால் தலையைத் தொட்டுப் பெரியவர் வாழ்த்துவார். இதுவரை எந்தப் பரங்கியும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

ஹார்மன் கொழுக்கட்டையைக் கையில் வாங்கிக்கொண்டார். சொல்வதற்கு ஒரு குறையும் தோன்றாதது அவருக்கே புதிதாக இருந்தது.

“ஒண்ணே ஒண்ணு,” என்றாள் புவாகாம். “பதினாலாம் தேதி தெரியுமில்ல? வாய் அழுகும் நாள். அன்னிக்கு யாரையும் வையக்கூடாது. குறை சொல்லக்கூடாது. வஞ்சா வருஷம் பூரா வாய் அழுகிக் கிடக்கும். அந்த வாயால வாழ்த்தினா பலிக்காது. பிள்ளைங்களுக்கு எதுக்கு அது?”

“குறை சொல்றதும் வையறதும் ஒண்ணா?”

“மத்தவங்களுக்கு வேற வேற. உங்க விஷயத்துல ஒண்ணுதான் ஐயா,” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

ரோஸ்விதாவிடம் அவர், ‘ஒரு பண்பாட்டு ஆராய்ச்சிக்காகத்தான் ஒப்புக்கொண்டேன்’ என்றார்; வாயைக் கட்டும் நிபந்தனையை மட்டும் சொல்லவில்லை. உண்மை வேறு. இந்தச் சந்தில் எல்லோரும் ஒருவருக்கொருவர் உறவு. காய்காரி அக்கா, மெக்கானிக் தம்பி, குப்பை அள்ளுகிறவர் மாமா. ஹார்மன் மட்டும் பன்னிரண்டு வருஷமாக ‘மூலை வீட்டுப் பரங்கி’. அவருக்கு ஒரே மகன், ஹாலந்தில். கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடுவான், கூப்பிட்டு, போனை மேசைமேல் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசுவான். அப்பா, நான் நன்றாக இருக்க வேண்டுமென்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அவன் கேட்டதில்லை. ஹாலந்தில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்பதில்லை. எதிரே யாராவது மண்டியிட்டு, கை நனைத்து, அதைக் கேட்க வேண்டும் என்ற ஆசை இத்தனை நாள் தனக்குள் இருந்திருக்கிறது என்பது அவருக்கு அந்தக் கொழுக்கட்டை ஆறுவதற்குள் தெரிந்துபோயிற்று. ஒரே ஒரு நாள் வாயைக் கட்டினால் போதும். மனிதன் சுவாசிக்காமலா இருக்கச் சொல்கிறார்கள்?

கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது என்று பதினாலாம் தேதி காலையிலேயே தெரிந்துவிட்டது.

வீட்டுக்குள் பதுங்கியிருக்கவும் வழியில்லை. வருஷம் முழுக்கக் கோயிலுக்கு வந்துபோனவர்கள் காலில் ஒட்டிக்கொண்டு போன மண்ணைத் திருப்பிக் கொடுக்கும் நாளும் அதுதான். ஆற்றுமணலை வாளியில் சுமந்து போய்க் கோயில் முற்றத்தில் மணல் கோபுரம் கட்ட வேண்டும். நாற்காலியில் உட்காரப் போகிறவர் மணல் சுமக்காமல் இருந்தால் ஊர் என்ன சொல்லும்?

வாளியோடு வெளியே காலை வைத்தார். மெக்கானிக் இன்சோம் வாசலிலேயே காத்திருந்தான். பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரை ஒரு சட்டி நிறைய மொண்டு, சட்டைக் காலரை விரலால் மெல்ல விலக்கி, முதுகுத்தண்டில் நிதானமாக ஊற்றினான்.

“எப்படி இருக்குங்கய்யா?”

“குளிர்ச்சியா இருக்கு.”

“நல்ல குளிர்ச்சியா, கெட்ட குளிர்ச்சியா?”

ஹார்மனின் தாடை ஆடியது. “நல்ல குளிர்ச்சி.”

“அப்படின்னா இன்னொரு சட்டி,” என்றான் இன்சோம்.

சந்து முழுக்கச் செய்தி பரவியிருந்தது. மூலை வீட்டுப் பரங்கியின் வாய் எப்போது திறக்கும் என்று பார்ப்பதற்காகவே இந்த வருஷம் சிலர் ஊருக்குப் போகாமல் இருந்தார்கள். கன்னத்தில் வெள்ளைச் சாந்து பூசினார்கள், நன்றி என்றார். கண்ணாடிக்கு மேலேயே பூசினார்கள். அதற்கும் நன்றி என்றார். காதுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கியைத் திருப்பி வைத்து, பாட்டு பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். “தெளிவா கேக்குது,” என்றார். அவருக்குத் தெரிந்து அவர் வாழ்நாளில் சொன்ன மிகப் பெரிய பாராட்டு அது.

கோயில் வாசலை நெருங்கும்போது டேரிலின் வண்டி வந்தது. பின்னால் நீலப் பீப்பாய்கள், சுற்றிலும் யார் யாரோ, நடுவில் டேரில். பழைய ஊரைச் சுற்றியிருக்கும் அகழியிலிருந்து அள்ளிய தண்ணீர். பாசியின் பச்சையும் சேற்றின் பழுப்பும் சரிபாதி. அது ஹார்மனின் முகத்தில் அறைந்து, வாளியிலிருந்த மணலில் பாதியை அடித்துக்கொண்டு போயிற்று. வாயிலும் கொஞ்சம் புகுந்தது. அந்தத் தண்ணீரில் என்னென்ன இருக்கும் என்று அவருக்கு வரிசையாகத் தெரியும். தெரிந்ததையெல்லாம் விழுங்கினார்.

டேரில் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தான். “என்னடா, ஒண்ணும் சொல்லல? உடம்பு சரியில்லையா?”

“சந்தோஷமா இரு டேரில்.”

“யாராவது டாக்டரைக் கூப்பிடுங்கப்பா,” என்றான் டேரில், நிஜமாகவே பதறிப்போய்.

மணலைக் கொட்டிவிட்டு, சற்று மூச்சு வாங்கலாம் என்று கேவ்தாவின் கடைக்குத் திரும்பினார். அங்கே ரோஸ்விதா உட்கார்ந்திருந்தாள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை மஞ்சள் மழைக்கோட்டு. வருஷாவருஷம் ஓடுகிற கட்சிதான் அவள். முந்தின வருஷம் எல்லை தாண்டி லாவோஸுக்கு ஓடினாள். அங்கேயும் இதே நாளில் இதே திருவிழா, கூடுதலாக அரிசிமாவு. அதற்கு முந்தின வருஷம் பர்மாவுக்கு ஓடியிருந்தாள். அங்கே குழாய் வைத்து அடித்தார்கள். இந்த வருஷம் கோபத்தில் எங்கும் போகாமல் உட்கார்ந்துவிட்டாள்.

“பார்த்தியா இந்தக் கூத்தை?” என்று ஆரம்பித்தாள். “அணையில தண்ணி இல்லைன்னு போன வாரம்தான் புலம்பினாங்க. இன்னிக்குப் பாரு.”

“ம்.”

“என்ன ம்? நீதானே கணக்கு சொல்லுவே, எத்தனை வயலுக்குப் பாயும்னு. சொல்லு.”

“வயல் நல்ல விஷயம்தான்.”

ரோஸ்விதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “இந்தப் புகை?”

“சூரியன் சிவப்பாத் தெரியுது. அழகா இருக்கு.”

“விசா அலுவலகம்?”

“உட்கார இடம் போட்டிருக்காங்க.”

“ஹார்மன், உனக்குப் பக்கவாதம் கிக்கவாதம் ஏதாவது வந்துடுச்சா? சிரி பார்ப்போம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சிரி.”

அவர் சிரித்துக் காட்டினார். தாளம் இல்லாமல் தனியாகப் பாடுகிற ரோஸ்விதாவை அன்றுதான் முதல்தடவையாக முழுசாகக் கேட்டார். ‘இவள் இவ்வளவு நேரமா பேசுவாள்? தினமுமா?’ என்று நினைத்தார். தன் குரலும் அதற்குள் எங்கேயோ கேட்பது போலிருந்தது. அதை மேற்கொண்டு யோசிக்காமல் காப்பியைக் குடித்தார்.

அப்போது கேவ்தா உள்ளேயிருந்து வந்தாள். கடைக்காரிக்கு நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டாள். கையில் சின்ன வெள்ளிக் கிண்ணம், மல்லிகை மிதக்கும் தண்ணீர். வாளி இல்லை, துப்பாக்கி இல்லை. ரோஸ்விதாவின் எதிரில் குனிந்து, “நல்லா இருங்கம்மா,” என்று சொல்லி, மழைக்கோட்டுக் கழுத்தை லேசாக விலக்கித் தோளில் ஒரு கரண்டி அளவு ஊற்றினாள்.

ரோஸ்விதா மின்சாரம் தாக்கியதுபோல் எழுந்தாள். காலையிலிருந்து கட்டிக்காத்த உலர்ந்த உடம்பு. “கேட்டியா? என்னைக் கேட்டியா நீ?” என்றாள் ஜெர்மனில். பிறகு, “ஹார்மன், இவகிட்டச் சொல்லு. எனக்குத் தெரிஞ்ச தாய்லாந்து மொழி இதுக்குப் பத்தாது. நான் சொல்றதை அப்படியே சொல்லு. இது பாரம்பரியமே இல்ல. பாரம்பரியம்னா என்னன்னு நான் படிச்சிருக்கேன். கேட்டுட்டுத்தான் ஊத்தணும். இவங்க ஊர் வழக்கமே இவங்களுக்குத் தெரியல.”

ஹார்மன் கேவ்தாவைப் பார்த்தார். “தண்ணி நல்லா இருக்காம். மல்லிகை வாசனை பிடிச்சிருக்காம்.”

கேவ்தா கைகூப்பினாள். உதட்டோரத்தில் ஏதோ துடித்தது.

“இவ்வளவுதானா? நான் நீளமா சொன்னேனே.”

“தாய்லாந்து மொழி சுருக்கமானது.”

“அப்ப இதையும் சொல்லு. பதினோரு வருஷமா இவ போடற காப்பி பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு.”

“காப்பிக்கு ரொம்ப நன்றிங்கறாங்க.”

“என்ன சொன்னாலும் பாரு, சிரிக்கறா. இது சிரிப்பே இல்ல ஹார்மன். முகமூடி. உள்ள ஒண்ணும் கிடையாது. நானா சொல்றேன்? நீதானே போன வருஷம் இதே மேசையில சொன்னே, இந்த ஜனங்க சிரிப்புக்குப் பின்னால வெறும் காலி வீடுன்னு. அதையே சொல்லு. உன் வார்த்தைதானே.”

அவர் வார்த்தைதான். அழகாகச் சொல்லிவிட்டோம் என்று அன்றைக்கு ஒருநாள் முழுக்க மகிழ்ந்துகூடப் போயிருந்தார். அதற்கு முந்தின மழைக்காலத்தில் அவர் டெங்குக் காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தபோது, வாசல் கம்பியில் தினமும் ஒரு தூக்குவாளிக் கஞ்சி தொங்கியது இதே கேவ்தா வீட்டிலிருந்துதான். யார் தொங்கவிட்டது என்று அவர் கேட்கவில்லை; கஞ்சியில் உப்பு குறைவு என்று மட்டும் ஒருதரம் சொன்னதாக ஞாபகம்.

எங்கிருந்து கிளம்பியது என்று தெரியாது. வாய் தானாகத் திறந்தது. ஆங்கிலமும் இல்லை, டச்சும் இல்லை. அவர் அம்மா ஹாலந்தின் வடக்கே பண்ணைவீட்டில் பசுவையும் புருஷனையும் வைத ஃப்ரீஸிய மொழி. ‘வெற்றிலை பாக்கு வைத்து நம்மை இந்த ஊருக்கு யார் கூப்பிட்டது? வெயிலுக்கும் மலிவுக்கும் வந்து ஒட்டிக்கொண்டு, குந்த இடம் கொடுத்தவர்களுக்கே வீடு எப்படிக் கட்டுவது என்று பாடம் நடத்துகிறோம். காலி வீடு நீ. காலி வீடு நான். மழைக்கோட்டு போட்ட மாடு நீ’ என்றெல்லாம் வந்தது. மேசையில் குத்தினார். கோப்பை உருண்டது. ஜெர்மன் தெரிந்தவருக்கு ஃப்ரீஸியத்தில் பாதி புரியும். ரோஸ்விதாவுக்குப் புரிந்த பாதியைவிடப் புரியாத பாதி அதிகமாக வலித்திருக்க வேண்டும். மழைக்கோட்டு சரசரக்க எழுந்து போய்விட்டாள்.

 யாரோ ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். எதிர்வாசலில் புவாகாம் நின்றுகொண்டிருந்தாள்.

ஹார்மன் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். “அது வசவு இல்ல. எங்க ஊர் வாழ்த்து. எங்க மொழியில கொஞ்சம் சத்தமா இருக்கும்.”

“அப்படிங்களா ஐயா?”

“இங்க ஒருத்தருக்கும் அந்த மொழி தெரியாது. யாருக்கும் புரியாததை எப்படி வசவுன்னு சொல்ல முடியும்?”

“வார்த்தை புரியலதான்,” என்றாள் புவாகாம், சிரிப்புக் குறையாமல். “மூஞ்சி நல்லாப் புரிஞ்சுது.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சதுப்பு நிலத்தில் பிறந்து வளர்ந்த ஹார்மனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. நாற்காலி போயிற்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு, ஈரச் செருப்பு சப்புச் சப்பென்று அடிக்க, வீட்டைப் பார்க்க நடந்தார். நனைக்க யாரும் வரவில்லை. நனைக்காமல் விட்டதுதான் அவருக்கு அதிகம் சுட்டது.

வாசலை அடைவதற்குள் இன்சோம் பின்னாலேயே வந்தான். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

“பெரியப்பா.”

ஹார்மன் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். யாருமில்லை.

“பெரியப்பா, தப்பா நினைக்காதீங்க. உங்க வாய் எப்படியும் அழுகியாச்சு. ஒண்ணு அழுகினாலும் ஒம்பது அழுகினாலும் ஒண்ணுதான். கேவ்தா அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். கடைக் குப்பையை என் பட்டறைச் சுவரோரமா வெக்கறாங்க. எலி வருது. ரெண்டு வருஷமா மனசுல இருக்கு. எனக்குச் சொல்ல வாய் வரல. நீங்க நல்லா, அந்த மேசைக் குத்தோட, சொன்னீங்கன்னா...”

ஹார்மன் ஈரச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு திரும்பி நடந்தார்.

கேவ்தா கடைக்கு உள்ளே கைகூப்பிக்கொண்டு, தலை குனிந்து, முழுவதையும் கேட்டாள். திருப்பிப் பேச அவளுக்கு வழியில்லை. அவள் வாய் இன்னும் சுத்தமாக இருந்தது. மேசைக் குத்து முடிந்ததும் நிமிர்ந்து, “பெரியப்பா, குப்பையை மாத்தி வெக்கறேன். அப்படியே அவன்கிட்டயும் சொல்லிடுங்க. கோழி கூவறதுக்கு முந்தி அந்தக் காத்தடிக்கிற மிஷினைப் போடறான். என் பொண்ணு பரீட்சைக்குப் படிச்சுட்டு அப்பத்தான் கண்ணை மூடும். கொஞ்சம் கடுமையாவே சொல்லுங்க. இப்ப எனக்குச் சொன்னீங்களே, அதைவிட ஒரு படி மேல,” என்றாள்.

அதற்குப் பிறகு ஹார்மனுக்கு உட்கார நேரமில்லை. சந்தில் வருஷம் முழுக்கச் சிரித்துச் சிரித்துச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அன்று வெளியே வந்தது. மாமரக் கிளை மதிலைத் தாண்டுவது, கடன் வாங்கிய ஏணி திரும்பாதது, கல்யாணத்துக்கு அழைத்த விதம். ஒவ்வொரு வாசலிலும் அவர் ஒரு வசவைக் கொடுத்து இன்னொரு வசவை வாங்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார். கேட்டவர்கள் கைகூப்பினார்கள், சொல்லி அனுப்பியவர்கள் ஜன்னல் மறைவில் நின்று தலையாட்டினார்கள். இடையில் தண்ணீர் ஊற்றினார்கள், தொண்டை காயாமலிருக்கக் குடிக்கவும் கொடுத்தார்கள். ஒருத்தி வறுத்த காரத் தொத்திறைச்சியும் ஒட்டுச் சோறும் கட்டிக் கொடுத்தாள். கால்வாய் அலுவலகத்தில் இத்தனை வருஷம் எழுதிய கடிதங்களில் ஒன்றுக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் பலன் கிடைத்ததில்லை. சாயங்காலத்துக்குள் ஏணி திரும்பி வந்தது.

வெயில் சாயும் நேரத்தில் புவாகாமே வந்தாள். தொண்டையைச் செருமினாள்.

“ஐயா, பேர் சொல்லக்கூடாது.”

“சொல்ல மாட்டேன்.”

“பெரிய பிக்குவோட பிரசங்கம். ரொம்ப நீளம். முழங்கால் செத்துப் போகுது. யாராவது சொல்லணும்.”

ஹார்மன் சொட்டச் சொட்ட நனைந்தபடியே போய்க் கோயில் தரையில் உட்கார்ந்து, மரியாதையாக, ஆனால் ஒன்றையும் குறைக்காமல் சொன்னார். பெரிய பிக்கு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“புவாகாம் அனுப்பினாளா?”

“பேர் சொல்ல உத்தரவு இல்ல சாமி.”

“அப்ப அவதான். போய்ச் சொல்லு. முன்வரிசையில உட்கார்ந்து அவ குறட்டை விடறா. அது நிக்கட்டும்னுதான் நான் நீட்டறேன். அவ முழிச்சா நான் முடிக்கறேன்.”

“சாமி, இன்னிக்கு நீங்க வையலாமா?”

“நான் எங்க வஞ்சேன்?” என்றார் பெரிய பிக்கு, கண்ணைத் திறக்காமலே. “வாய் உன்னுதாச்சே.”

இவ்வளவு உழைத்த பிறகு நாற்காலி விஷயத்தில் ஊர் மனம் இரங்கும் என்று ஹார்மன் உள்ளூர நம்பினார். மறுநாள் காலை தலைவாரி, இதற்கென்றே தைத்து வைத்திருந்த வெள்ளைக் கைத்தறிச் சட்டையைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். ஒன்பது நாற்காலி போட்டிருந்தது. எட்டில் சந்தின் பெரியவர்கள். ஒன்பதாவதில் டேரில். வெயிலில் தோலுரிந்த மூக்கு, பூப்போட்ட சட்டை, மடியில் எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருந்த இரண்டு கைகள்.

“ஒம்பது வேணுமில்ல ஐயா,” என்றாள் புவாகாம். “அவர் யாரையும் ஒரு வார்த்தை வஞ்சு நாங்க பார்த்ததில்ல.”

“அவனுக்கு வையறதுக்கு ஒரு மொழியும் சரியாத் தெரியாது.”

“அதுவும் ஒரு தகுதிதானேங்க,” என்று சொல்லி, அவர் கையில் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொடுத்து வரிசையைக் காட்டினாள்.

வரிசை முழுக்கச் சிறுசுகள். ஹார்மன் ஒவ்வொரு பெரியவர் முன்னும் மண்டியிட்டு ஊற்றிக்கொண்டே வந்தார். எழும்போதெல்லாம் முழங்கால் பேசியது. கடைசியில் டேரில் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

டேரில் முகம் சிவந்து குனிந்தான். “டேய், எனக்குத் தெரியாதுடா. சும்மா வந்து உட்காருன்னாங்க, உட்கார்ந்தேன். எந்திரிக்கறேன், நீ உட்காரு.”

“உட்காரு.”

“சத்தியமாச் சொல்றேன்...”

“கையை நீட்டுடா.”

டேரில் நீட்டினான். ஹார்மன் ஊற்றினார், ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் ஊற்றினார், தண்ணீர்க்காரர் அல்லவா. டேரிலுக்கு வாழ்த்து ஒன்றும் தெரியாது. ஈரக் கையை ஹார்மனின் வாரிய தலைமேல் வைத்து, “உடம்பைப் பார்த்துக்கோடா. நேத்து ரொம்ப அலைஞ்சுட்டே,” என்றான்.

ஹார்மன் எழுவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. முழங்கால்தான் காரணம் என்று பின்னால் நின்ற பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது புவாகாம் அவரைத் தூணோரமாக அழைத்தாள். “அடுத்த வருஷம் நாற்காலி உங்களுக்குத்தான் ஐயா. வாயை மட்டும் காப்பாத்துங்க. அது நான் குடுத்த வாக்கு.” அவள் சிரிப்பு முதல்முறையாகச் சற்றுத் தடுமாறியது. “ஆனா சந்துல எல்லாருமாச் சேர்ந்து உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க.”

“என்ன?”

“காப்பாத்த வேண்டாம்னு கேக்கச் சொன்னாங்க.”

“அப்ப நான் எப்பவும் வரிசையிலதான் நிக்கணுமா?”

“நாற்காலியில உட்கார ஒம்பது பேரை எப்படியாவது பிடிச்சுடலாம்ங்க,” என்றாள் அவள். அதற்கு மேல் சொல்லவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று ஹார்மன் முறைப்பாகச் சொல்லிவிட்டு நடந்தார். மனம் ஒரு பக்கம் புண்பட்டிருந்தது. இன்னொரு பக்கம் என்னவென்று அவரால் பெயர் சொல்ல முடியவில்லை. பட்டறை வாசலில் இன்சோம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான். இரண்டு பக்கமும் பார்த்தான்.

“பெரியப்பா, ஒரு விஷயம். அந்த ஏணி விஷயத்துல என்னைப் பத்தி ஒருத்தர் கொஞ்சம் கூடவே சொல்லி அனுப்பிட்டாரு. அவருக்கு ஒண்ணு பாக்கி இருக்கு. அடுத்த வருஷம் அந்த நாள்ல சொல்லிடணும்.”

“ஏன் அடுத்த வருஷம்? இப்பவே போய்ச் சொல்றேன்.”

“ஐயோ, இப்ப சொன்னா அவர் திருப்பி வைவாரு. அன்னிக்குன்னாத்தான் கும்பிட்டுக்கிட்டு நிப்பாரு.” இன்சோம் அவர் காதோரம் குனிந்து விஷயத்தைச் சொன்னான். நல்ல விஷயம். நியாயமான, கொழுத்த, சாறு நிறைந்த குறை.

ஹார்மன் அதைக் கேட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையோடு நடுத்தெருவில் திகைத்து நின்றார்.

“ஒரு வருஷமா?” என்றார். “அது வரைக்கும் இதை நான் எங்கய்யா வெச்சுக்கறது?”